ஊருக்குப் போன ஒரு வார்த்தை: ஜெர்மனியில் இளைஞர் ஊழியம், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்து வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போன் பேசினேன். பேச்சோடு பேச்சாக, சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். இரண்டே நாளில் அது ஊர் முழுக்கப் பரவியது. அதன் பிறகு ஒரு பையன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வழக்கமாக வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நின்றுபோனார்கள். பதினான்கு மாதம் கட்டியது அந்த ஒரு வாரத்தில் இடிந்தது.

நான் 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள். வார்டில் ஒரு தவறு நடந்தால், யார் மேல் பழி என்று பார்ப்பதற்கு முன்னால், என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எங்கே தடுத்திருக்கலாம் என்று எழுதிவைக்க வேண்டும் என்று பழக்கினார்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பின்னால் இந்த ஊழியத்துக்குப் போகும் தம்பதிகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பையனையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனும் அவன் அம்மாவும் முழுவதையும் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே தருகிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இது என் நோட்டிலேயே இருந்திருக்கும்.

நாங்கள் யார், எதற்காகப் போனோம்

எங்களுக்கு வீடு பொறையாறு. தரங்கம்பாடிக் கடல் பக்கம்தான். என் கணவர் பொதுப்பணித் துறையில் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு, ஷட்டர், வாய்க்கால், முறைப்பாசனம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீரோடு கழித்தவர். பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அவருக்கு 66, எனக்கு 62 வயது நடந்தபோது, எங்கள் சபை ஐயர் (போதகர்) ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டார்: ஜெர்மனியில் படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒன்றரை வருஷம் போய் இருப்பீர்களா?

ஓய்வு பெற்ற தம்பதிகளை இப்படி அனுப்புவது புதிய ஏற்பாடு அல்ல. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை போன்ற சபைகளில் இது வெகு காலமாக நடக்கிறது. பிள்ளைகளை வளர்த்து முடித்த தம்பதிகள் தங்கள் செலவிலேயே வெளிநாடு போய், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை இருந்து, அங்கே தனியாக இருக்கும் இளைஞர்களுக்குப் பெரியவர்களாக நிற்கிறார்கள். எங்கள் ஏற்பாடு அதைவிடச் சின்னது. வாடகையும் மருத்துவக் காப்பீடும் அங்குள்ள சபை பார்த்துக்கொண்டது. சாப்பாடு, பயணம், மருந்து எல்லாம் எங்கள் பென்ஷனில். வேலை என்ன என்று கேட்டதற்கு ஐயர் சொன்னது: "வீட்டைத் திறந்து வையுங்கள். வருகிற பிள்ளைக்குச் சோறு போடுங்கள். கேட்டால் ஜெபம் பண்ணுங்கள், கேட்காவிட்டால் பண்ண வேண்டாம்."

அது எனக்குப் பிடித்திருந்தது. கெம்னிட்ஸில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதுதான் காரணம். அதில் கிறிஸ்தவப் பிள்ளைகள் கொஞ்சம்தான். எங்களிடம் வந்தவர்களில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளே அதிகம். இது மதம் மாற்றும் வேலை இல்லை என்று முதல் நாளே எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். அதில் கடைசி வரை தவறவில்லை.

வாசலில் கொடுத்த வாக்கு

தவறு நவம்பர் மாதத்தில் தொடங்கியது என்று நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது 2022 ஆகஸ்டிலேயே, இங்கே, நம் மண்ணில் தொடங்கிவிட்டது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

விமானம் ஏறுவதற்கு முந்தின மாதம், கெம்னிட்ஸில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும், அந்த அக்டோபரில் புதிதாகப் போகப்போகும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்வருவோம் என்று முடிவு செய்தோம். நல்ல எண்ணம்தான். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி என்று பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் அலைந்தோம். அந்த வருஷம் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12க்கு முன்னாலேயே தண்ணீர் வந்ததால் வாய்க்கால் எல்லாம் நிறைந்து ஓடியது, குறுவை நன்றாக நின்றது. பஸ் ஜன்னல் வழியே என் கணவர் ஒவ்வொரு மதகையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. உட்கார வைப்பார்கள், காபி வரும். பையனின் பத்தாம் வகுப்புப் படத்தைக் காட்டுவார்கள். கிளம்பும்போது அம்மா உள்ளே போய் ஒரு பை கொண்டுவருவார். பருப்புப் பொடி, மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். பையைக் கையில் கொடுத்துவிட்டு, வாசல்படியில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "நர்சம்மா, அவன் எங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டான். நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

நான் ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டினேன். "கவலைப்படாதீங்க, நான் சொல்றேன்" என்றேன். பதினோரு வீட்டிலும் சொன்னேன்.

இந்த ஆய்வின் நடுவில் இருக்கும் பையனைத் தம்பி என்றே சொல்கிறேன். அந்த அக்டோபரில் போகவிருந்தவன். அவனுடைய ஊர் கோட்டூர் பக்கத்தில் கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அப்பாவுக்கு மூன்றே கால் ஏக்கர் நஞ்சை, கொஞ்சம் தென்னை. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அந்தத் தென்னையெல்லாம் சாய்ந்துவிட்டது. அப்போது வாங்கிய கடன் தீராமல் இருக்கும்போதே பையனுக்குக் கல்விக் கடன். ஜெர்மனிக்கு விசா வாங்க ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முடக்கிய கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அப்போது அது 10,332 யூரோ. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கு மேல். நிலப் பத்திரம் வங்கியில் இருந்தது. அப்பா அதிகம் பேசவில்லை. வயலைக் கையால் காட்டி, "இது இனி அவன் கையிலதான்" என்று மட்டும் சொன்னார். அவன் அம்மாவும் மற்ற வாசல்களில் கேட்டதுபோலவே கேட்டார். நானும் அதே வாக்கைக் கொடுத்தேன்.

முதல் குளிர்காலம்

கெம்னிட்ஸில் எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. லிப்ட் கிடையாது. என் முழங்காலுக்கு அதுவே பெரிய ஊழியமாக இருந்தது. டிசம்பரில் சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இல்லை, சத்தமும் கூடாது. முதல் மாதம் இரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள், அதுவும் ஊறுகாயை வாங்கிக்கொண்டு போக.

எங்களுக்குள்ளேயும் சிரமம் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாலும், நாங்கள் நாள் முழுக்க ஒரே அறையில் இருந்ததில்லை. எனக்கு நைட் டியூட்டி, அவருக்கு வெள்ளக் காலத்தில் கரையில் காவல். இப்போது பேச வேறு ஆளில்லாமல் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிப்ரவரியில் அவருடைய அக்கா இறந்துபோனார். போக முடியவில்லை. அடக்கத்தை வீடியோவில் பார்த்துவிட்டு, அவர் அந்தப் பனியில் தனியாக நடக்கப் போனார், இரண்டு மணி நேரம் வரவில்லை. இந்த ஊழியத்துக்கு வரும் தம்பதிக்கு ஊரிலிருந்து வாரம் ஒருமுறை போன் பண்ணிப் பேச ஒருவர் வேண்டும். எங்களுக்கு அப்படி யாரையும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. எனக்கு ஆறுதலுக்குப் பேச இருந்தது அந்தப் பதினோரு அம்மாக்கள்தான். இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வீடு நிறைந்தது ஒரு விளக்கால். கெம்னிட்ஸ் எர்ஸ்கெபிர்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. அது பழைய சுரங்கப் பகுதி. கிறிஸ்துமஸ் காலத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் வளைவான விளக்கு வைப்பார்கள். இருட்டில் போய் இருட்டிலேயே திரும்பிய சுரங்கத் தொழிலாளிகளுக்கு வெளிச்சத்தின் மேல் இருந்த ஏக்கம்தான் அந்த வழக்கத்தின் வேர் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். அதைத் தெருப் பக்கத்து ஜன்னலில் வைத்தோம். விளக்கு எரிந்தால் வீடு திறந்திருக்கிறது, போன் பண்ணாமலே வரலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் என் கணவர் போட்டார். பண்டிகை முடிந்த பிறகும் அதை எடுக்கவில்லை.

அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் வந்தார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பதினைந்து பேருக்குக் குறையாது. ரசம், உருளைக்கிழங்கு வறுவல், சாதம். அவ்வளவுதான். ஒருத்தி தரையில் படுத்துத் தூங்குவாள். இருவர் அவரோடு தாயம் ஆடுவார்கள். யாராவது கிடாரை எடுப்பார்கள். வராதவர்களை அவர்தான் தேடிப் போவார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மறக்காது: "தலைமடைக்காரன் நேரா ஆபீசுக்கே வந்து தண்ணி கேட்டு வாங்கிடுவான். கடைமடைக்காரன் வர மாட்டான். அவன் வயலுக்கு நாமதான் போய்ப் பாக்கணும்." நானோ வந்தவர்களைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு நேர்ந்தது

நம் தம்பி முதல் ஆறு மாதம் ஒழுங்காக வந்தான். நல்ல பிள்ளை. பாத்திரம் கழுவாமல் போக மாட்டான். 2023 பிப்ரவரித் தேர்வில் ஒரு பாடத்தில் தோற்றான். பலருக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆகிறது, அங்கே மதிப்பெண் முறையே வேறு. 1.0 உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, அதற்கு மேல் போனால் தோல்வி. கோடையில் மறுபடி எழுதினான், மறுபடியும் போயிற்று. அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், விசாவும் கேள்விக்குறி ஆகிவிடும். அடுத்த தேர்வு 2024 பிப்ரவரியில்.

இதே நேரத்தில் ஊரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது, ஆனால் கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய அளவுக்குத் தண்ணீர் வரவில்லை. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபரில் அணையையே மூடினார்கள். சம்பாவுக்கு மழையை நம்பி விதைக்க வேண்டிய நிலை. அப்பா அனுப்பிக்கொண்டிருந்த கொஞ்சப் பணமும் நின்றது. தம்பி இரவு நேரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனான். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ. வெளிநாட்டு மாணவர்களுக்கு அப்போது வருஷத்தில் 120 முழு நாள்தான் வேலை செய்ய அனுமதி இருந்தது. அதை வைத்துச் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, அப்பாவுக்கும் கொஞ்சம் அனுப்பினான். "ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு" என்று வீட்டில் சொல்லியிருந்தான். பகலில் தூங்கினான். வகுப்புக்குப் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு நின்று, இதையெல்லாம் என்னிடம் சொன்னான். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதத்தில் ஆறேழு கிலோ குறைந்திருப்பான் என்று கண்ணாலேயே எடை போட்டேன். சாப்பாடு, தூக்கம், சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அப்படி இல்லை, காலையில் எழுந்திருக்கத்தான் பிடிக்கவில்லை என்றான். "ஆன்ட்டி, வீட்ல மட்டும் தெரியக் கூடாது" என்றான். சரி என்றேன்.

அந்த ஞாயிறு

ஒன்பது நாள் கழித்து அவன் அம்மா போன் பண்ணினார். எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் பண்ணுவார். அன்று குரல் கம்மியிருந்தது. பயிர் போனதைப் பற்றிப் பேசினார். பையன் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் இரண்டு நிமிஷம்தான் என்றார். "அவனுக்கு ஏதாவது பழக்கம் வந்துடுச்சா நர்சம்மா? உண்மையச் சொல்லுங்க. நீங்க சொல்றேன்னு சொன்னீங்கள்ல" என்றார்.

அவர் மனதில் ஓடிய பயத்தைவிட உண்மை சின்னது என்று எனக்குப் பட்டது. அந்தப் பயத்தைத் தணிக்க நினைத்துச் சொன்னேன்: "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஒரு பாடம் ரெண்டு தடவை போயிடுச்சு, அதான் பிள்ளை சோர்ந்து கெடக்கான்."

அம்மா தன் கூடப் பிறந்த தம்பியிடம் சொன்னார். அந்த மாமாதான் வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். மாமா செவ்வாய்க்கிழமை பையனுக்குப் போன் பண்ணி, நிலத்தை விற்க வைத்துவிட்டாய் என்று கத்தினார். அப்பா பேசுவதையே நிறுத்தினார். டீக்கடையிலும் கோவில் வாசலிலும் விசாரித்தார்கள். தம்பி போனை அணைத்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. வாசலில் நான்கு ஜோடிச் செருப்புதான். கும்பகோணத்துப் பெண் ஒருத்தி சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆன்ட்டி, உங்ககிட்ட சொன்னா ஊருக்குப் போயிடும்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

என்ன செய்தோம்

அன்று இரவு நான் எனக்காக நிறைய வாதாடினேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா, பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆஸ்பத்திரியா இருந்தா சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்க மாட்டேன். ஹெச்.ஐ.வி. பரிசோதனை மையம் இருந்த பிரிவில் நான் நான்கு வருஷம் வேலை பார்த்தவள். நோயாளியின் கூடப் பிறந்த அண்ணன் வந்து காலைப் பிடித்தாலும் முடிவைச் சொன்னதில்லை. ஒருமுறை வெளியே போனால் அந்த மனிதனுக்கு ஊரில் இடம் இருக்காது என்று தெரியும். அப்படிப்பட்ட நான் இங்கே வாய் திறந்தேன். ஏனென்றால் கெம்னிட்ஸில் நான் செவிலியராக இல்லை. பதினோரு வாசலில் வாக்குக் கொடுத்த அத்தையாக இருந்தேன். பையனுக்குச் சொன்ன "சரி" ஒன்று, அவன் அம்மாவுக்குச் சொன்ன "சொல்றேன்" ஒன்று. இரண்டும் ஒரே வாயில் இருந்தன. என்றாவது ஒருநாள் ஒன்று மற்றதை உடைத்தே தீரும். நார்த்தங்காய் ஊறுகாயைக் கையில் வாங்கியபோதே நான் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டேன்.

தம்பியைப் பார்ப்பதுதான் முதல் வேலை. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று தெரியாமல் தூங்க முடியாது. அவன் அறைத் தோழனிடம் கேட்டோம், வேலைக்குப் போகிறான், இரவு வருகிறான் என்றான். என் கணவர் தினமும் சாயங்காலம் டிராம் பிடித்துப் போய், அவன் விடுதி அறை வாசலில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வந்தார். கதவைத் தட்டவில்லை, சீட்டும் வைக்கவில்லை. முதல் நான்கு நாள் டப்பா அப்படியே இருந்தது, எடுத்துக்கொண்டு வந்து நாங்கள் சாப்பிட்டோம். ஐந்தாம் நாள் காலியாக இருந்தது. எட்டாம் நாள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். பதினோராம் நாள் கதவு திறந்தது. அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மற்ற பிள்ளைகளிடம் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சேர்த்துச் சொல்லவில்லை. அப்படிச் சேர்த்தால் மன்னிப்புக்கு மதிப்பில்லை. இனி இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உதவி கூப்பிடுவேன், அதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்று சொன்னேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் வழக்கம் இல்லை. அவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. பதினோரு அம்மாக்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் பண்ணி, நான் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இனி என்னிடம் கேட்காதீர்கள், அவனிடமே கேளுங்கள், அவன் போனை எடுக்காவிட்டால் "அம்மா கூப்பிட்டாங்க" என்று மட்டும் சொல்கிறேன் என்றேன். இருவர் புரிந்துகொண்டார்கள். சிலர் அமைதியாக இருந்தார்கள். ஒருவர், அப்படியென்றால் எதற்கு அங்கே போனீர்கள் என்று கேட்டார். தம்பியின் அம்மா அழுதார். பிறகு இரண்டு மாதம் அவரிடமிருந்து போன் இல்லை.

தம்பிக்கு உண்மையில் தேவைப்பட்டது ஊர்ச் சேதி அல்ல, அங்கேயே இருந்த உதவிகள். மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை இரவில் தாங்க முடியாவிட்டால் கூப்பிட, ஜெர்மன் சபைகள் நடத்தும் தொலைபேசி ஆறுதல் சேவையின் 0800 1110111 என்ற எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மனது திறக்காத பிள்ளைக்குத் தமிழில் பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வெளிநாட்டிலிருந்து அப்படி ஒரு வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு 14416 டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். அதை அம்மாக்களுக்கு அனுப்பினேன், அவர்களுக்கும் அது தேவைப்படும் என்பதால்.

மருத்துவரின் சான்று இருந்தால் தேர்வைத் தள்ளிப்போடலாம் என்று ஆலோசகர் சொன்னார். பிப்ரவரித் தேர்வு தள்ளிப்போனது. கிடங்கு வேலையை வாரத்துக்கு இரண்டு இரவாகக் குறைத்தான். ஸ்காலர்ஷிப் பொய்யை அவனே அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் சமையலறையிலிருந்து பேசினான். நாங்கள் இருவரும் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டோம். மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அழுதான். அதற்கு முன்னால் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

ஹால்லேயில் ஒரு பகல்

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, 49 யூரோ மாத டிக்கெட்டில் ஹால்லே நகரத்துக்கு எட்டுப் பேர் போனோம். அங்கே பிராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச் சுவடிகள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை என்று சொன்னேன். பாஷை தெரியாது, தெரிந்த ஆள் கிடையாது. திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார், வயதான வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பிறகு அங்கிருந்த டேனிஷ் ஆளுநர் அவரைச் சிறையிலும் போட்டார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. 36 வயதில் இறந்துபோனார். நாங்கள் கும்பிடும் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் அவர் கட்டியது.

தம்பி அந்தச் சிறைக் கதையில் நின்றுவிட்டான். "ஊருக்கு லெட்டர் போய்ச் சேர எவ்ளோ நாள் ஆகும் ஆன்ட்டி?" என்று கேட்டான். கப்பலில் பல மாதம் ஆகும் என்றேன். "அதுக்குள்ள அவர் வெளியவே வந்திருப்பார்ல" என்றான். அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் திரும்பும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டப்பட்டு, அதிலிருந்து மீண்டு, பிறகு வீட்டுக்கு எழுத அவருக்கு மாதக் கணக்கில் அவகாசம் இருந்தது. என் கையில் இருந்த போன் இந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது

2024 மார்ச்சில் திரும்பினோம். தம்பி அந்தக் கோடையில் மூன்றாவது முறை எழுதினான். 4.0. அதற்கு மேல் ஒரு புள்ளி போயிருந்தாலும் தோல்விதான். வேறொரு பையன், அவனைப் பற்றி இங்கே எழுதவில்லை, தேர்ச்சி பெறாமல் ஊர் திரும்பினான். அவனும் இப்போது வெள்ளிக்கிழமை சில நேரம் பொறையாற்றில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.

அடுத்துப் போகும் தம்பதி பாபநாசம் பக்கத்திலிருந்து. பிள்ளைகளின் வீட்டு முகவரி கேட்டார்கள், போய்ப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று. நான் கொடுக்கவில்லை. எங்கள் ஐயரோடு பேசி இரண்டு மாற்றம் செய்தோம். போகும் தம்பதி இனி வீடுகளுக்குப் போக மாட்டார்கள். பெற்றோரோடு பேசுவது இங்கே இருக்கும் நாங்கள் இருவர்தான், எங்களுக்குப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால் சொல்லவும் முடியாது. அதே நாங்கள் வாரா வாரம் அந்தத் தம்பதிக்குப் போன் பண்ணுவோம், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க மட்டும். மாதத்துக்கு ஒருமுறை மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ அம்மாக்களைக் கூட்டிப் பேசுகிறோம். மூன்று வாய்ப்பு என்றால் என்ன, 4.0 என்றால் என்ன, பையன் போன் எடுக்காதபோது எப்படிப் பேசினால் எடுப்பான் என்றெல்லாம்.

போன மாதக் கூட்டத்துக்குத் தம்பியின் அம்மாவும் வந்திருந்தார். முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். சம்பா நடவு முடிந்து வயல் பச்சையாக இருந்தது. என் கணவரும் அப்பாவும் வாய்க்கால் கரையில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். "அவன் உங்ககிட்ட பேசுறானா நர்சம்மா? எப்படி இருக்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த போனை எடுத்து அவனுக்கே போட்டார். அங்கே அப்போது காலை ஒன்பதரை இருக்கும். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.